மலையிலே தாய், காம்பிராவிலே சேய்

விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரை எழுப்பிய காலம் மலையேறிவிட்டது. தப்பின் ஓசைதான் ஓய்ந்ததேயன்றி, அவ்வோசை வகுத்துவைத்த பொழுது மலைநாட்டுத் தோட்டங்களில் இன்னும் பெரிதும் மாறிவிடவில்லை. அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் நாளை எடுத்து நோக்குவோம். நாலரை மணியளவில் எழுகிறாள். அடுப்பை மூட்டித் தேநீர் வைக்கிறாள், ரொட்டி தட்டுகிறாள், பீலியிலோ குழாயிலோ தண்ணீர் பிடிக்கிறாள், பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிடுகிறாள். ஏழு மணிக்குக் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பிராவில் ஒப்படைத்துவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடுகிறாள். பின்னர் மலை. நண்பகலில் ஒரு நிறுவை. மாலை நாலரை அல்லது ஐந்து மணிக்கு மற்றொரு நிறுவை. குறித்த அளவு கொழுந்து சேராவிட்டால் அன்றைய நாளுக்கு அரைப்பேர்தான். ஆதலின் அவள் கண் கடிகாரத்தின்மீதன்று, கூடையின்மீதே இருக்கிறது. வீடு திரும்பும் வழியில் குழந்தையை எடுத்துக்கொள்கிறாள். விறகு கட்டொன்று தலையில் இருந்தாலும் இருக்கும். மீண்டும் அடுப்பு. எட்டு மணிக்குக் குழந்தை உறங்கிவிடுகின்றது.

குழந்தை விழித்திருக்க, தாயும் அதனருகில் இருந்த நேரம் எவ்வளவு? காலையில் ஒரு மணி, மாலையில் இரண்டு மணி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் ஏழரை நாழிகை. அந்த ஏழரை நாழிகையிலும் அவள் கைகள் அரிசி களைந்துகொண்டோ துணி அலசிக்கொண்டோ இருந்தன என்பதை மறந்துவிடலாகாது.

பெற்றோர் பிள்ளைகளுடன் கழிக்கும் பொழுது அப்பிள்ளைகளின் வளர்ச்சியை எவ்வாறு உருவாக்குகின்றது என்பது இன்று உலகெங்கும் ஆராயப்படும் பொருள்களுள் ஒன்று. மேலைநாடுகளிலே மக்களிடம் நாட்குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, இன்ன மணிமுதல் இன்ன மணிவரை இன்னது செய்தேன் என்று எழுதச் செய்து, அவற்றைத் தொகுத்துக் கணக்கிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. இத்தகைய குறிப்புகளைக் கொண்டு பதினொரு மேலைநாடுகளை ஒப்பிட்டு 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1965ஆம் ஆண்டில் அந்நாடுகளின் தாய்மார் சராசரியாக நாளொன்றுக்கு 54 நிமிடங்களைப் பிள்ளைகளைக் கவனிப்பதில் செலவிட்டனர். 2012இல் அது 104 நிமிடங்களாயிற்று. தந்தையர் 16 நிமிடங்களிலிருந்து 59 நிமிடங்களுக்கு உயர்ந்தனர். பெண்கள் பெருந்தொகையினராய் உத்தியோகம் பார்க்கத் தொடங்கிய அதே அரை நூற்றாண்டில் இவ்வாறு நிகழ்ந்திருப்பதுதான் வியப்பு. பிரான்சு நாட்டுத் தாய்மார் மாத்திரமே இதற்கு விலக்கு. அவர்களது நேரம் உயரவில்லை.

கொழுந்து பறிக்கும் தாய்க்கு மூன்று மணி நேரம் கிடைக்கிறதே, மேலைநாட்டுத் தாய்க்கு ஒன்றேமுக்கால் மணிதானே என்று எவரேனும் கேட்கலாம். அவ்வாறு ஒப்பிடுவது பொருந்தாது. அக்கணக்கில் சேர்வது குழந்தையை நீராட்டல், ஊட்டல், அதனோடு விளையாடல், கதை சொல்லல், பாடம் பார்த்தல் என, பிள்ளையே முதற்காரியமாக இருந்த நேரம் மட்டுமே. அடுப்படியில் அம்மா, மூலையில் பிள்ளை என்ற நேரம் அதிற் சேராது. அந்த அளவுகோலைக் கொண்டு லயத்துக்குள் வந்தால் ஏழரை நாழிகை எவ்வளவாய்ச் சுருங்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஆய்வு கூறிய இன்னொரு செய்தியும் உண்டு. 2012இல் உயர்கல்வி பெற்ற தாய்மார் 123 நிமிடங்களைச் செலவிட, அக்கல்வி பெறாதோர் 94 நிமிடங்களே செலவிட்டனர். செல்வமும் கல்வியும் போலவே பொழுதும் சமமின்றிப் பங்கிடப்படும் ஒரு சொத்தாகிவிட்டது.

நம் தோட்டங்களில் இச்சொத்து பறிபோன கதை பழையது. யேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். அதற்கு முன்னிருந்த கோப்பிக்கு ஆண்டின் சில மாதங்களிலேதான் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். ஆடவர் தமிழகத்திலிருந்து வந்து பறித்துவிட்டுத் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. வாரம் தவறாமல் பறிக்கவேண்டும். அதற்கு மெல்லிய விரல்கள் தேவை என்று துரைமார் கூறினர். குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த விரல்கள் என்பதும் ஒரு காரணமே. குடும்பங் குடும்பமாக மக்கள் கொண்டுவரப்பட்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாய் அமைந்த லயங்கள் எழுந்தன. இன்றும் தோட்டத் தொழிலாளருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களே.

தாயை மலைக்கு அனுப்பவேண்டுமாயின் சேயை எங்கேனும் வைக்கவேண்டுமே! அப்படிப் பிறந்ததுதான் பிள்ளைக் காம்பிரா. பிள்ளை மடுவம் என்பாரும் உளர். முதுமையால் மலையேற இயலாத ஒரு மூதாட்டி ஆயாவாக அமர்ந்திருப்பாள். கூரைக் குறுக்குச் சட்டத்திலிருந்து பழஞ்சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒன்றை ஆட்டிவிட்டு மற்றொன்றுக்கு அவள் செல்வதற்குள் முதலாவது நின்றுவிடும். அவளைக் குறைகூறுவது நியாயமன்று. அவளுக்கு விதித்த வேலை பிள்ளைகளை வளர்ப்பதன்று, தாய்மார் வரும்வரை விழாமலும் அழாமலும் பார்த்துக்கொள்வதே. காம்பிரா எழுந்தது குழந்தையின் பொருட்டன்று, கொழுந்தின் பொருட்டே என்று சொன்னால் அது மிகையாகாது.

சட்டம் ஒன்றுஞ் செய்யவில்லையா என்றால், செய்தது. 1919இல் வாஷிங்டன் நகரில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழில் மாநாடு மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கையொன்றை வகுத்தபோது, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்திலே அரைமணி வீதம் இருமுறை ஓய்வு தரவேண்டும் என்று எழுதியது. இலங்கையில் 1939ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையையுடைய தாய்க்கு நாளுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளை உண்டு. காம்பிரா அமைத்துக்கொடுத்த இடத்தில் ஒவ்வொன்றும் அரைமணி. அமைக்காத இடத்தில் ஒவ்வொன்றும் ஒருமணி. பிரசவ விடுமுறை பன்னிரண்டு வாரம். முன்பு மூன்றாவது பிள்ளைமுதல் இது பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கியது.

ஏட்டில் இது நன்றாகவே இருக்கின்றது. தோட்டத்திலோ, சட்டத்துக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு மலை நிற்கின்றது. அன்று பறிக்க ஒதுக்கிய மலை காம்பிராவுக்கு அருகிலிருந்தால் அரைமணியில் பத்து நிமிடமாவது குழந்தை மடியிலிருக்கும். தொலைவாயின், வழுக்குப் படிகளில் இறங்குவதற்கும் ஏறுவதற்குமே அரைமணி போதாது. அது மட்டுமன்று. கீழே இறங்கிவந்த நேரத்தில் அவள் கூடை நிறைவதில்லை. பல தோட்டங்களில் 18 கிலோ அளவில் உள்ள அன்றைய நிறை குறைந்தால் பேரும் குறையும். உரிமையைப் பயன்படுத்துவோருக்கு இவ்வாறு ஓர் அபராதம் மறைந்து கிடக்கின்றது. சட்டம் எழுதியோர் தராசைக் கண்டதில்லை போலும்.

பிள்ளைகளைக் கூட்டாக வளர்ப்பதே தீது என்று இதனால் முடிவுகட்டிவிடலாமா? இவ்விடத்தில் இசுரேல் நாட்டுக் கிப்புத்சு குடியிருப்புகளை நோக்குவது பயன்தரும். நிலமும் உழைப்பும் ஊதியமும் எல்லார்க்கும் பொது என்று வாழ்ந்த அக்குடியிருப்புகளில் பிள்ளை வளர்ப்பும் பொதுவாகவே இருந்தது. குழந்தைகளுக்கென்று தனி வீடு; பகலில் பயிற்சி பெற்ற செவிலியர்; பிற்பகலில் சில மணி நேரம் பெற்றோருடன்; பின்னர் இரவில் மீண்டும் பிள்ளை வீட்டிலேயே உறக்கம். காலப்போக்கிற் சில குடியிருப்புகள் இரவில் மட்டும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. ஆராய்ச்சியாளருக்கு இது எளிதிற் கிடைக்காத வாய்ப்பாயிற்று. பகல் ஒன்றேபோல் இருக்க, இரவு மட்டும் வேறுபட்ட இருவகைக் குழந்தைகள்! 1994இல் வெளியான ஆய்வின்படி, இரவில் பெற்றோருடன் உறங்கிய குழந்தைகளுள் நூற்றுக்கு 80 பேர் தாயிடம் அச்சமற்ற உறுதியான பற்றுக் கொண்டிருந்தனர். பிள்ளை வீட்டில் உறங்கியோருள் அத்தகையோர் நூற்றுக்கு 48 பேரே. நள்ளிரவில் விழித்து அழும் குழந்தைக்கு, பல வீட்டுப் பிள்ளைகளையும் காவல்காக்கும் ஒருத்தி வருவதற்கும், அன்னை வருவதற்கும் உள்ள வேற்றுமை இது. பிள்ளைகள் தனியே உறங்கும் வழக்கம் 1990களில் அங்கு கைவிடப்பட்டது.

இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது நமது லயத்து அறையே. பகல் முழுவதும் பிரிந்த தாயும் சேயும் இரவில் ஒரே பாயில், ஒரே கம்பளிக்குள் உறங்குகின்றனர். நுவரெலியாக் குளிரில் வேறு வழியுமில்லை. பகலிலே பறிபோனதில் ஒரு பங்கை இரவு திருப்பித் தருகின்றது. இதனைக் கூறுவதால் லயத்தை நான் போற்றுகின்றேன் என்று எவரும் எண்ணற்க. புகையும் ஈரமும் நிறைந்த அந்த அறைகளை என்றோ இடித்திருக்கவேண்டும். ஆனால் வறியவர் வாழ்வில் உள்ளவை யாவும் குறைகளே என்று எண்ணுவதும் ஒரு குருட்டுத்தனமாகும்.

பகற்பொழுதில் அப்படி என்னதான் நிகழவேண்டும் என்று கேட்பார்க்கு நம் முன்னோர் விடை வைத்திருக்கின்றனர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தவகையைப் பாடசாலை மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றனர். பருவங்கள் பத்து என்று எழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். அது குழந்தையின் வளர்ச்சியை மாதங் கணக்கிட்டு நோக்கிய நூல்வகை என்பதை எத்தனைபேர் உணர்கின்றனர்? ஐந்தாம் மாதத்தில் இருகையையும் ஊன்றி, ஒருகாலை மடக்கி, தலைநிமிர்த்தி அசைவது செங்கீரை. ஒன்பதாம் மாதமளவில் கைகொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. நிலாவைச் சுட்டிக் காட்டுவது அம்புலி. இவற்றுள் ஒன்றையேனும் குழந்தை தனியே செய்யமாட்டாது என்பதைக் கவனியுங்கள். கைகொட்ட எதிரே கைகொட்டும் ஒருவர் வேண்டும். தளர்நடையிடும்போது கைநீட்டி அழைக்கும் ஒருவர் வேண்டும். அம்புலிக்கோ சுட்டும் விரலொன்றும், அவ்விரல் வழியே பார்க்கும் கண்ணிரண்டும் வேண்டும். மொழி பிறப்பதே அவ்விடத்தில்தான் என்று இன்றைய உளநூலார் கூறுகின்றனர். குழந்தையும் மற்றொருவரும் ஒரே பொருளை ஒருங்கே நோக்கி, அதற்குப் பெயர் சொல்லப்படும் அந்தக் கணத்தில். தொட்டிலைப் பொறி ஆட்டலாம். சப்பாணிக்குப் பொறியில்லை.

மலைநாட்டுத் தாய்க்கு இக்கலை தெரியாதென்பதன்று. மடியில் வைத்து அவள் பாடுந் தாலாட்டிலே தமிழகத்து ஊர்களும் உறவுகளும் தேயிலை மலையும் சேர்ந்தே வரும். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் இம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் அச்செல்வத்திற் பெரும்பங்கு காற்றோடு போயிருக்கும். கலை இருக்கின்றது, பொழுதுதான் இல்லை.

அப்பொழுது மிகச் சிறிதாயினும் பலன் தருமா என்னும் கேள்விக்கு ஜமெய்க்காத் தீவிலிருந்து நம்பிக்கையூட்டும் ஒரு விடை கிடைக்கின்றது. அத்தீவும் நம்மைப் போலத் தோட்டப்பயிரால் உருவானதே, அங்கே கரும்பு. 1986ஆம் 1987ஆம் ஆண்டுகளில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிய 129 குழந்தைகளைச் சலி கிரந்தம்-மக்கிரெகர் என்னும் மருத்துவ அம்மையாரும் அவரது குழுவினரும் தெரிந்தெடுத்தனர். ஒன்பது மாதம்முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைகள். சிலருக்குப் பால்மா, சிலருக்கு வாரம் ஒருமுறை ஒரு மணிநேரம் வீட்டுக்கு வரும் ஓர் உதவியாளர், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. வீட்டுக்கு வந்தவர் பட்டதாரியல்லர். அவ்வூர்ச் சுகாதாரத் தொண்டரே. அவர் செய்தது யாது? போத்தல் மூடி, வெற்றுப் பெட்டி, துணித்துண்டு முதலியவற்றால் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டுவந்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குச் செய்துகாட்டினார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது.

இருபது ஆண்டுகளின் பின் அப்பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். விளையாட்டுப் பயிற்சி பெற்ற குழுவினர், பெறாத குழுவினரைவிட நூற்றுக்கு 25 பங்கு கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தனர். குழந்தைப் பருவத்தில் குன்றாது வளர்ந்த அயற்பிள்ளைகளை வருமானத்தில் அவர்கள் எட்டிப்பிடித்திருந்தனர். பால்மா மட்டும் பெற்றோரிடத்தில் அந்நன்மை நிலைக்கவில்லை! வாரத்துக்கு ஒரு மணி என்பது அந்தத் தொண்டரின் கணக்கு. அவர் போனபின் தாய் தன் பிள்ளையோடு பேசியதும் விளையாடியதும் எந்தக் கணக்கிலும் இல்லை. உண்மையான மருந்து அதுவே.

இச்செய்தி மற்றெவரையும்விட நமக்கே உரியது. 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 32 பேர். பத்தாண்டுகளுக்கு முன்பு அது நாற்பதாக இருந்ததைக் கொண்டு சிறிது ஆறுதலடையலாம். இதற்கென நாம் திரிபோஷ பக்கற்றைக் கொடுக்கின்றோம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஜமெய்க்காவின் அனுபவத்தை நோக்குமிடத்து, பக்கற்றோடு கூட ஒரு விளையாட்டையும் கொண்டுபோகும் மருத்துவமாதே நமக்குத் தேவை என்பது தெளிவாகின்றது. பிள்ளைக் காம்பிராக்கள் பலவும் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகிவிட்டன. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்டபோது உருவான நம்பிக்கை நிதியமும், 2015இல் தொடங்கிய உலக வங்கித் திட்டமும் இம்மாற்றத்துக்குத் துணைபுரிந்தன. பயிற்சி பெற்ற இளம்பெண்கள் அங்கே பாட்டும் படமும் கற்பிக்கின்றனர். சுவரில் சித்திரமுள்ள நிலையங்களும், சுவரே இடியும் நிலையிலுள்ளவையும் அருகருகே இருக்கின்றன. அது தோட்ட நிருவாகத்தைப் பொறுத்தது.

நிலையத்துக்குப் போகாத பிள்ளைகளைப் பாட்டி பார்க்கின்றாள். விடுகதையும், பழங்கதையும், ஊர் வந்த வரலாறும் பாட்டியின் வாயிலாகவே பிள்ளைக்கு வருகின்றன. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் உலக சுகாதார நிறுவனத்துக்காக யோன் போல்பி என்னும் ஆங்கில மருத்துவர் 1951இல் எழுதிய அறிக்கை, தாயின் இடையறாத அன்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று நாட்டியது. அதனை மேலோட்டமாகப் படித்தோர், தாய் ஒருத்தியே முழுப்பொழுதும் அருகிலிருக்கவேண்டும் என்று பொருள்கொண்டனர். பாட்டியும் அத்தையும் சித்தியுமாகப் பல கைகள் ஒரு பிள்ளையைத் தூக்கி வளர்த்த நம் மரபில் அது ஒட்டாது. கைகள் பலவாயிருப்பதில் தவறில்லை. அவை நாளுக்கு நாள் மாறாமல், பிள்ளைக்குத் தெரிந்த கைகளாக இருக்கவேண்டும்.

பாட்டியும் இல்லாத வீட்டில்தான் அநியாயம் நேர்கின்றது. அங்கே அக்காள் இருக்கின்றாள். அவளுக்குப் பத்து வயதோ பன்னிரண்டோ இருக்கும். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் தாய் பேர் இழக்கமாட்டாள். மகள் பாடம் இழப்பாள். கொழுந்து மிகுதியாக வரும் மாதங்களில் வகுப்பிலே எந்த இருக்கைகள் வெறுமையாக இருக்கின்றன என்று தோட்டப்புறப் பாடசாலை ஆசிரியர் எவரைக் கேட்டாலும் சொல்வார். தாயிடமிருந்து எடுத்த பொழுதை யாரோ ஒருவர் ஈடுசெய்தே ஆகவேண்டும். அதனை ஒரு சிறுமியின் கல்வியிலிருந்து எடுக்கின்றோம். எங்கள் கல்லூரிக்கு வந்துசேரும் தோட்டத்து மாணவியருள் ஒருத்தியாவது இவ்வாறு தம்பி தங்கையரை இடுப்பில் வைத்து வளர்க்காமல் வந்ததாக நான் கேட்டதில்லை. வந்தவர்கள் இவர்கள். வராதவர்களை வகுப்பறையிலிருந்து காணமுடியாது.

பின்னர், கடல்கடந்து செல்லும் தாய்மார். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கு 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம்வரை போராடவேண்டியிருந்த தொழிலில், வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிக்குச் செல்வதே கடன் தீர்க்க ஒரே வழியென்று பல குடும்பங்கள் கருதுகின்றன. அங்கே அவள் வேறொருத்தியின் குழந்தைக்கு ஊட்டுகின்றாள், நீராட்டுகின்றாள், விளையாட்டுக் காட்டுகின்றாள். பொழுதும் ஏற்றுமதியாகின்றது, தேயிலையைப் போல. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையுடைய தாய்மார் இவ்வாறு செல்லலாகாது என்று அரசாங்கம் 2013இல் விதித்தது. குடும்பப் பின்னணி அறிக்கை பெறவேண்டும் என்றது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. அது நடைமுறையில் இருந்த காலத்தில் தரகருக்குக் கொடுத்துப் பொய்ப்பத்திரம் எடுத்துச் சென்றோர் ஒருபுறம். போகமுடியாமல் வட்டிக்காரனிடம் அகப்பட்டோர் மறுபுறம். என் அபிப்பிராயம், அவ்விதி தாயைக் கட்டிப்போட்டதேயன்றிக் குழந்தைக்கு ஒரு பிடி சோறுகூடச் சேர்க்கவில்லை என்பதே. தகப்பன் சென்றால் எவரும் அறிக்கை கேட்கவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும்.

பெரிய பிள்ளைகளின் நிலை வேறு. அமெரிக்க நாட்டுத் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வு தாய்மாருக்கு ஆறுதலளிப்பது. மூன்று முதல் பதினொரு வயதுவரையுள்ள பிள்ளைகளிடத்தே, தாய் எத்தனை மணிநேரம் உடனிருந்தாள் என்னும் கணக்குக்கும், அவர்களது கல்விக்கும் நடத்தைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரிடத்தில் தாயோடு கலந்து செலவிட்ட நேரம் தீய பழக்கங்களைக் குறைத்தது. தாயும் தந்தையும் ஒருங்கிருந்து பழகிய நேரம் பின்னும் நன்மை தந்தது. நம்மிடையே இதற்கு மாறாகவே நடக்கின்றது. மகன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் இனி அவன் பெரியவன் என்று விட்டுவிடுகின்றோம். கொழும்பிலே கடைக்கு ஆள் வேண்டுமென்று சொல்லிக்கொண்டு ஒருவர் தோட்டத்துக்கு வருவதும் ஏறக்குறைய அந்தக் காலத்திலேதான். எழுத்தறியாத பெற்றோர் மகனின் பாடத்தைத் திருத்த இயலாதவராகலாம். இன்று என்ன படித்தாய் என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை எழுந்துபோகாமல் இருக்க எழுத்தறிவு வேண்டுவதில்லை.

இதுவரை தாயைப் பற்றியே பேசினோம். தோட்டத்துத் தந்தையின் பொழுதையும் சற்றுக் கணக்கிடவேண்டும். இவ்விடயத்தில் நம்மவர் பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. கவ்வாத்து வெட்டுதல், கான் வெட்டுதல், மருந்தடித்தல், உரம் போடுதல் முதலிய ஆடவர் வேலைகள் கணக்கு வேலைகள். இத்தனை செடி அல்லது இத்தனை தூரம் என்று அளந்து கொடுக்கப்படுவன. சுறுசுறுப்பாகச் செய்பவர் பிற்பகல் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வீடு திரும்பிவிடலாம். கொழுந்துக்காரி ஐந்து மணிக்கு வருகின்றாள். தோட்டப் பெண்களின் உழைப்பை 1980களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்த ரேச்சல் குரியன் என்னும் அம்மையார் இதனை எடுத்துக்காட்டினார். அக்காலத்தில் அவர்களுடைய நாட்சம்பளமும் ஆடவரைவிடக் குறைவு. 1984இலேதான் அது சமமாக்கப்பட்டது. சம்பளம் சமமாயிற்று, பொழுது சமமாகவில்லை. இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே சிலர் காய்கறித் தோட்டம் செய்கின்றனர், மாடு பார்க்கின்றனர், விறகு பிளக்கின்றனர். ஏனையோர் சந்தியில் நிற்கின்றனர். சிலர் சாராயக் கடையில்.

மலைநாட்டுத் தகப்பனுக்குப் பிள்ளையோடு இருக்கத் தெரியாது என்று சொல்பவன் மாசி மாதத்தில் காமன் கூத்தைக் கண்டவனல்லன். விடியவிடிய நடக்கும் கூத்திலே தகப்பன் தோளில் அமர்ந்து பார்க்காத பிள்ளை ஏது? ரதி மதன் கதையையும் பொன்னர் சங்கர் கதையையும் அருச்சுனன் தபசையும் அவன் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. தப்பைக் காய்ச்சி அடிக்கும் முறையையும் அடவுக்குக் கால் வைக்கும் முறையையும் தகப்பனிடமும் மாமனிடமுமே கற்றான். அந்தத் தோள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கிடைப்பதுதான் குறை.

சுவீடன் நாட்டில் 1974இலேயே, பிள்ளை வளர்க்கும் விடுமுறையைத் தாய்க்கென்று ஒதுக்காமல் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கினர். உலகில் முதன்முதலாக அவ்வாறு செய்தவர்கள் அவர்களே. சட்டம் வந்தும் தந்தையர் அசையவில்லை. கிட்டத்தட்ட முழு விடுமுறையையும் தாய்மாரே எடுத்தனர். ஆகவே 1995இல், ஒரு மாதத்தைத் தந்தை எடுக்காவிட்டால் அம்மாதம் குடும்பத்துக்கே இல்லையென்று விதித்தனர். அதன்பிறகே தொட்டில் தள்ளும் ஆடவரை வீதியிற் காணமுடிந்தது. இன்று அங்கு ஒரு பிள்ளைக்கு 480 நாள் விடுமுறை. அதில் தந்தைக்கென்று விலக்கிவைத்தவை 90 நாள். அப்படியிருந்தும் மொத்த நாட்களில் மூன்றிலொரு பங்கைத் தந்தையர் இன்னும் எட்டவில்லை.

நம் தோட்டங்களில் அவ்வளவு செல்வமில்லை. அத்தகைய சட்டம் அண்மையில் வரப்போவதுமில்லை. ஆனால் சுவீடன் அரசாங்கம் பணம் கொடுத்து வாங்கும் அந்தப் பொழுது, பிற்பகல் இரண்டு மணிமுதல் ஐந்து மணிவரை, இங்கே பலரிடத்துச் சும்மாவே கிடக்கின்றது. சிறுவர் நிலையத்தின் வாசலில் ஐந்து மணிக்குக் கூடையும் கையுமாய் நிற்பவர் அனைவரும் தாய்மாராகவே இருக்கின்றனர். இரண்டரை மணிக்கு அதே வாசலுக்கு ஒரு தகப்பன் வந்து பிள்ளையைத் தோளில் தூக்கிச் சென்றால், கண்டவர்கள் முதலில் ஒருவேளை சிரிக்கக்கூடும். ஒரு வாரம் சிரிப்பார்கள்.